எந்தக் கேமரா வாங்கலாம், சார்?

பாளையங்கோட்டையில் எங்கள் பகுதியில் காலை நடைக்குப் போகிறவர்களில் கழுத்தில் கேமராவை மாட்டிக்கொண்டு போகிற கிழவன் நான் ஒருவன்தான். அதனால் இந்தக் கேள்வி வாரத்துக்கு ஒரு முறையாவது என்னைத் தேடி வந்துவிடுகிறது. "சார், நானும் ரிட்டயர்டு ஆயிட்டேன். பறவைகளைப் படம் எடுக்கணும்னு ரொம்ப நாள் ஆசை. எந்தக் கேமரா வாங்கலாம்?" கேட்பவர்களில் பாதிப் பேர் பிள்ளைகளிடம் கேட்டு, கடைக்காரரிடம் கேட்டு, யூடியூபில் நாலு மணி நேரம் பார்த்து, கடைசியில் குழம்பிப்போய் வந்தவர்கள்.

நான் பதில் சொல்வதற்கு முன்னால் இரண்டு கேள்வி கேட்பேன். "எவ்வளவு எடையைத் தினமும் தூக்கிக்கொண்டு நடப்பீர்கள்? எடுக்கிற படத்தை யார் பார்க்கப்போகிறார்கள்?"

முதல் கேள்விக்குச் சிரிப்பார்கள். இரண்டாவது கேள்விக்கு என் முகத்தைப் பார்ப்பார்கள். இந்த இரண்டு கேள்விகளும் எனக்கு எங்கிருந்து வந்தன என்று சொல்லிவிட்டால், கேமராவைப் பற்றி எனக்குத் தெரிந்ததில் முக்கால்வாசி சொல்லி முடித்ததாகிவிடும்.

எனக்குக் கேமரா ஆசை சின்ன வயதிலேயே தொற்றியது. அப்பா ஒரு ஆக்ஃபா கிளிக் 3 வைத்திருந்தார். அந்தக் காலத்தில் நடுத்தரக் குடும்பங்கள் பலவற்றில் இருந்த கேமரா அது. ஒரு பிலிம் சுருளில் பன்னிரண்டு படம்தான். கல்யாணம், காதுகுத்து, குற்றாலம், திருச்செந்தூர் என்று ஒரு சுருள் ஒரு வருடம்கூட ஓடும். பறவையைப் படம் எடுப்பது என்று யாராவது சொல்லியிருந்தால் அப்பா, "பிலிம் என்ன மரத்துலயா காய்க்கி?" என்று கேட்டிருப்பார். பிறகு வங்கி வேலை, மாற்றல்கள், இரண்டு பிள்ளைகளின் படிப்பு என்று முப்பத்தைந்து வருடம் போயிற்று. 2016-ல் ஓய்வு பெற்றேன்.

2018-ல் என் மனைவிக்குக் கண்ணில் பிரஷர் இருப்பதாகக் கண்டுபிடித்தார்கள். கிளாக்கோமா என்கிறார்கள். இது ஆரம்பத்தில் வலிக்காது, சிவக்காது, எழுதப் படிக்கவும் தடை இருக்காது. ஓரப் பார்வை மட்டும் கொஞ்சம் கொஞ்சமாகக் கழன்றுகொண்டே போகும். நடுப்பார்வை நன்றாக இருப்பதால் ஆளுக்குத் தெரியவே தெரியாது. போன பார்வையைத் திரும்பக் கொண்டுவர வழியில்லை. மேற்கொண்டு போகாமல் நிறுத்திவைக்கத்தான் சொட்டு மருந்தும் மற்றதும். (நாற்பது வயது தாண்டிய எல்லோரும் கண்ணாடிக்குப் பவர் பார்க்கிற அன்றே கண் பிரஷரையும் பார்த்துவிடுங்கள். ஐந்து நிமிட வேலை.)

அவள் பிறந்தது குளத்தங்கரை ஊர். கொக்குக்கும் நாரைக்கும் பேர் சொல்லி வளர்ந்தவள். கல்யாணமான புதிதில் பேருந்தில் போகும்போதே வயலைக் காட்டி, "அது நத்தைகுத்தி, அந்தா பாருங்க அரிவாள்மூக்கன்" என்பாள். எனக்கு அன்று எல்லாமே கொக்குதான். பறவை விஷயத்தில் அவள்தான் எனக்கு வாத்தியார்.

அவளுக்கு இப்போது குளத்துக் கரையில் நடக்க முடிவதில்லை. கால் பக்கத்தில் கிடக்கிற கல் தெரியாது. பக்கவாட்டில் வருகிற சைக்கிள் தெரியாது. பைனாகுலரைக் கையில் கொடுத்தாலும் பிரயோசனம் இல்லை. சுருங்கிய பார்வைக்குள் அந்தச் சின்ன வட்டத்தைப் பொருத்தி, அதற்குள் பறவையைத் தேடிப் பிடிப்பதற்குள் அது பறந்துவிடும். ஆனால் கூடத்தில் டி.வி.க்கு எட்டடி தள்ளி உட்கார்ந்தால், திரையின் நடுவில் இருக்கிற மீன்கொத்தியின் அலகு நுனிவரை அவளுக்குத் தெரிகிறது. கிட்டப் போனால் படம் அவள் பார்வை வட்டத்தைத் தாண்டிவிடும். தள்ளி உட்கார்ந்தால் முழுப் பறவையும் உள்ளே வந்துவிடும்.

ஆக, என் படங்களுக்கு ஒரே ஒரு ரசிகை. போட்டிக்கு அனுப்புவதில்லை, சுவரில் மாட்டுவதில்லை. பெரிய டி.வி.யில், எட்டடி தூரத்தில், பறவை நடுவில், பின்புலம் வெறுமையாக. நான் கேமரா தேடிப் புறப்பட்டது இந்தக் கணக்கோடுதான்.

இப்போது எடைக்கு வருகிறேன்.

ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர் எனக்கு நெருங்கிய நண்பர். நல்ல ரசிகர். 150-600 மி.மீ. ஜூம் லென்ஸும் அதற்கேற்ற டி.எஸ்.எல்.ஆர். கேமராவும் ஆசை ஆசையாக வாங்கினார். இரண்டு வருடம் கழித்துத் தோள்பட்டை இறுகிப்போய்க் கையைத் தலைக்கு மேல் தூக்க முடியாமல் ஆயிற்று. ஒரு நாள் என்னைக் கூப்பிட்டு, "நீரு வச்சுக்கிடும் வே. எங்கிட்ட இருந்தா பூஞ்சைதான் பிடிக்கும். தருதத தாரும்" என்றார்.

எனக்கும் கை துறுதுறுவென்றுதான் இருந்தது. இரண்டு நாள் எடுத்துப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்று வாங்கி வந்தேன். வரும் வழியில் தெரிந்த பலசரக்குக் கடைத் தராசில் பையிலிருந்து எடுத்து வைத்துப் பார்த்தேன். 2 கிலோ 800. கடைக்காரத் தம்பி, "என்ன சார், எடைக்குப் போடுதியளா?" என்று கேட்டான்.

இரண்டு நாள் காலையில் டவுன் நயினார்குளத்துக்குக் கொண்டுபோனேன். படங்களைப் பற்றிக் குறை சொன்னால் நாக்கு அழுகிவிடும். கூழைக்கடாவின் அலகில் இருக்கிற புள்ளிகளை ஒவ்வொன்றாக எண்ணலாம். ஆனால் இரண்டாம் நாள் கேமராவைக் கண்ணுக்கு எடுத்துப்போய் அரை நிமிடம் ஆவதற்குள் கை நடுங்க ஆரம்பித்தது. மூன்றாம் நாளும் நாலாம் நாளும் நடைக்கே போகவில்லை. தோளில் தைலம் தேய்த்துக்கொண்டு வீட்டில் இருந்தேன். மனைவி ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள். "இதத் தூக்கிட்டு மாசத்துல எத்தன நாள் போவிய?"

யோசித்துப் பார்த்தேன். நாலு நாள். லேசானதாக இருந்தால் இருபது நாள் போவேன். அவளுக்கு வேண்டியது மாதத்துக்கு நாலு அற்புதமான படமா, இருபது நல்ல படமா? மறுநாளே நண்பரிடம் திருப்பிக் கொடுத்துவிட்டேன். அவர் பிறகு அதை ஒரு கல்லூரி மாணவனுக்கு விற்றார். அவன் எடுத்த படங்களை அவர் காட்டினார். அந்த லென்ஸுக்கு ஏற்ற தோள் கிடைத்துவிட்டது என்று இருவருக்குமே சந்தோஷம்.

அப்புறம் நான் தேடியது பிரிட்ஜ் கேமரா என்று சொல்கிற வகை. லென்ஸைக் கழற்ற முடியாது. ஒரே லென்ஸ் கிட்டத்துக்கும் எட்டத்துக்கும். அன்று கடையில் பார்த்தவற்றில் நிக்கான் பி900 என்பது 24-லிருந்து 2000 மி.மீ. வரை போகிறது, எடை 900 கிராம். அதன் அண்ணன் பி1000, 3000 மி.மீ. வரை போகிறது, எடை 1 கிலோ 400. கேனன் எஸ்எக்ஸ்70 என்பது 1365 மி.மீ. வரை, எடை 600 கிராமுக்குச் சற்று மேலே. சோனி ஆர்எக்ஸ்10 நான்காம் பதிப்பு 600 மி.மீ. வரைதான், ஆனால் உள்ளே சென்சார் பெரியது. எடை 1 கிலோ 100. இவற்றில் ஒன்றைத்தான் வாங்கினேன். எது என்று சொன்னால் விளம்பரமாகிவிடும். ஒரு கிலோவுக்குள் இருப்பது என்று மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

இந்த மி.மீ. கணக்கைப் பற்றிச் சிலர் கேட்பதுண்டு. பழைய பிலிம் கேமராவில் 50 மி.மீ. லென்ஸ் நம் கண் பார்ப்பதுபோல் காட்டும் என்பார்கள். 400 என்றால் அதைப்போல எட்டு மடங்கு, 2000 என்றால் நாற்பது மடங்கு. இந்த விளம்பர எண்களெல்லாம் அந்தப் பிலிம் அளவுக்கு மாற்றிச் சொல்லப்படுபவை.

அப்படியானால் ஒரு கிலோவுக்குள் 2000 மி.மீ. கிடைக்கும்போது, இரண்டு கிலோ லென்ஸில் 600 மி.மீ. எதற்கு என்று கேட்கலாம். வித்தியாசம் சென்சாரில் இருக்கிறது. மழைக்கு முற்றத்தில் அண்டாவையும் டம்ளரையும் வைத்தால் எதில் தண்ணீர் அதிகம் சேரும்? வெளிச்சமும் அப்படித்தான். ஃபுல் ஃப்ரேம் சென்சார் 36-க்கு 24 மி.மீ. நான் சொன்ன சின்ன கேமராக்களில், சோனியைத் தவிர மற்றவற்றில் சென்சார் ஏறக்குறைய 6-க்கு நாலரை மி.மீ.தான், சுண்டுவிரல் நகத்தைவிடச் சிறியது. பரப்பில் முப்பதில் ஒரு பங்கு. நல்ல வெயிலில் டம்ளரும் நிரம்பிவிடும். மேகமூட்டத்திலும், மாலை ஆறு மணிக்கும், அடர்ந்த காட்டு நிழலிலும் டம்ளர் காலியாகத்தான் இருக்கும். படம் ரவை தூவியதுபோல் வரும்.

களக்காடு, முண்டந்துறை போன்ற காட்டுக்குள் போய் நிழலில் எடுக்கப்போகிறவருக்கு என் வகைக் கேமரா சரிப்படாது. பெரிய சென்சார்தான் வேண்டும். நான் போவது திறந்த வெளியில் வெயில் விழும் குளங்களுக்கு. அதோடு இன்னொரு கணக்கும் உண்டு. எங்கள் டி.வி. காட்டுவது 1920-க்கு 1080 புள்ளிகள். பெருக்கினால் இருபது லட்சம் சொச்சம். என் கேமரா தருவதோ ஒரு கோடி அறுபது லட்சம். அதிலேயே எட்டில் ஒரு பங்கைத்தான் டி.வி. காட்டப்போகிறது. இதற்கு மேல் கோடிகளுக்குப் பணம் கொடுத்து அவளுக்கு ஆகப்போவது ஒன்றுமில்லை. படத்தை யார், எதில் பார்க்கப்போகிறார்கள் என்று முதலிலேயே கேட்பது இதற்காகத்தான்.

இப்போது நடுவழியும் ஒன்று இருக்கிறது. லென்ஸ் மாற்றுகிற மிரர்லெஸ் கேமராக்களுக்கு லேசான தொலை லென்ஸ்கள் வந்திருக்கின்றன. கேனன் ஆர்எஃப் 100-400 லென்ஸ் 635 கிராம்தான். சின்ன உடல் ஒன்றோடு சேர்த்தாலும் ஒரு கிலோவைக் கொஞ்சம்தான் தாண்டும். பறக்கும் பறவையைச் சட்டென்று பிடிப்பதில் பிரிட்ஜ் கேமராவைவிட இந்த வகை மேல். கையில் காசும் கற்றுக்கொள்ளப் பொறுமையும் இருந்தால் இதைப் பார்க்கலாம். ஆனால் முதல் செலவு எது என்று கேட்டால் கேமரா என்றே சொல்ல மாட்டேன். முதலில் ஒரு பைனாகுலர் வாங்குங்கள். 8×42 என்று போட்டிருப்பது போதும். எட்டு மடங்கு பெரிதாகக் காட்டும். முன்பக்கக் கண்ணாடி 42 மி.மீ. அகலம். மூக்குக்கண்ணாடி போடுகிறவர்கள் கண் வைக்கும் ரப்பர் வளையத்தை உள்ளே திருகிவிட்டுப் பார்க்க வேண்டும். ஆறு மாதம் பைனாகுலரோடு நடந்தபிறகும் ஆசை குறையவில்லை என்றால் கேமரா வாங்கலாம். குறைந்துவிட்டால் பணம் மிச்சம்.

நம் வயதுக்காரர்களுக்கு மட்டும் ஒரு விஷயம். கேமராவின் வ்யூஃபைண்டர் பக்கத்தில் ஒரு சின்னச் சக்கரம் இருக்கும். நம் கண் பவருக்கேற்ப அதைத் திருப்பிக்கொள்ளலாம். உள்ளே தெரியும் எழுத்துகள் பளிச்சென்று தெரியும்வரை திருப்புங்கள். பறவையைப் பார்த்துத் திருப்பாதீர்கள். "என் கேமராவில் எல்லாமே மங்கல்" என்று வந்த இரண்டு நண்பர்களுக்கு இதைத் திருப்பிக் கொடுத்ததோடு வியாதி தீர்ந்துவிட்டது. கண்புரை ஆபரேஷன் செய்துகொண்டவர்கள் அதற்குப்பிறகு ஒருமுறை மறுபடியும் சரிசெய்ய வேண்டும். பின்பக்கத் திரையைப் பார்த்து எடுக்க நமக்கு வெள்ளெழுத்துக் கண்ணாடி வேண்டும். வெயிலில் திரையும் தெரியாது. அதனால் வ்யூஃபைண்டர் இல்லாத கேமராவை வாங்க வேண்டாம். கண்ணோடு ஒட்டிப் பிடித்தால் கை ஆட்டமும் குறையும்.

இனி, பயன்படுத்துகிற விஷயம். கேமரா எதுவானாலும் குளத்தில் காலை ஒன்பது மணிக்கு மேல் படம் எடுப்பது வீண் என்பது என் அனுபவம். தரை சூடானதும் கானல் கிளம்பிவிடும். 2000 மி.மீ. ஜூமில் நீங்கள் பார்ப்பது பறவையை மட்டுமல்ல, நடுவில் இருக்கிற முந்நூறு அடிக் காற்றையும்தான். அந்தக் காற்று நெளிந்தால் நாரையும் நெளியும். லட்ச ரூபாய் லென்ஸும் அதற்கு மருந்தில்லை. ஆறரையிலிருந்து எட்டரை மணி நல்ல நேரம். வெயில் நம் முதுகில் இருக்க வேண்டும். காலையில் குளத்தின் கிழக்குக் கரையில் நின்று மேற்கே பார்த்து எடுத்தால் இறகின் நிறம் அப்படியே வரும். போகிற குளத்தில் எந்தக் கரையில் எப்போது வெயில் என்று தெரிந்துவைத்துக்கொண்டால் பாதி வேலை முடிந்தது.

வெள்ளைக் கொக்கு தனியாக ஒரு தலைவலி. கறுத்த தண்ணீரில் நிற்கும் கொக்கை எடுத்தால், கேமரா கறுப்பைப் பார்த்து ஏமாந்து வெளிச்சத்தைக் கூட்டிவிடும். கொக்கு வெள்ளைச் சுண்ணாம்புக் கட்டியாகத் தெரியும். இறகு ஒன்றும் தெரியாது. வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கிற பித்தானை மைனஸ் 1 வரை கொண்டுபோக வேண்டும். வானத்தைப் பின்னால் வைத்துக்கொண்டு கிளையில் உட்கார்ந்திருக்கும் நீர்க்காகத்துக்கு நேர் எதிர், பிளஸ் 1. இந்த ஒரு பித்தானைப் பழகிக்கொண்டால் ஆட்டோ முறையிலேயே வண்டி ஓடும். பறக்கும் பறவைக்கு மட்டும் ஷட்டர் வேகத்தை நாமே வைக்கும் முறைக்குப் போய் நொடியில் 1000-ல் ஒரு பங்குக்குக் குறையாமல் வையுங்கள். உட்கார்ந்திருக்கிற பறவைக்கு 250-ல் ஒரு பங்கு போதும், கேமராவை எதிலாவது சார்த்தி வைத்திருந்தால்.

சார்த்துவதற்கு ட்ரைபாடைத் தூக்கிக்கொண்டு அலைய வேண்டாம். பழைய பேன்ட் துணியில் ஒரு சின்னத் தலையணை உறை தைத்து, அதில் முக்கால் பங்கு ஜவ்வரிசியோ கொள்ளோ போட்டு வாயைத் தைத்துவிட்டால் போதும். மதகுச் சுவரிலோ கார் ஜன்னலிலோ அதை வைத்து, மேலே லென்ஸைக் கிடத்தினால் அசையாது. காரை நிறுத்திவிட்டு இறங்காமல் எடுப்பது இன்னும் நல்லது. மனிதன் இறங்கி நடந்து வந்தால் பறக்கிற ஆட்காட்டி, கார் வந்து நின்றால் அவ்வளவாகக் கண்டுகொள்வதில்லை. மடக்கு நாற்காலி ஒன்றும் வைத்துக்கொள்ளுங்கள். இளைஞர்கள் சேற்றில் குப்புறப் படுத்துப் பறவையின் கண் உயரத்தில் எடுப்பார்கள். நாம் படுத்தால் எழுப்ப ஆள் தேட வேண்டும். கரைச் சரிவில் தாழ உட்கார்ந்தாலே நின்று எடுப்பதைவிடப் படம் உயிரோடு இருக்கும்.

உட்காருவதில் இன்னொரு லாபமும் உண்டு. இருபது நிமிடம் அசையாமல் உட்கார்ந்திருங்கள். முதலில் ஓடி ஒளிந்த தாழைக்கோழி தானாக வெளியே வரும். மீன்கொத்திக்கு வழக்கமான கிளை ஒன்று இருக்கும். போன இடத்திலிருந்து அதற்கே திரும்பி வரும். அந்தக் கிளையில் முன்கூட்டியே கேமராவைக் குறிவைத்துக் காத்திருந்தால் மெதுவாக ஃபோகஸ் ஆகிற கேமராவும் வேகமான கேமராதான். வேலையில் இருந்த காலத்தில் இப்படி உட்கார நமக்கு ஏது நேரம்? இப்போது நம்மிடம் மிச்சமிருக்கிற பெரிய சொத்தே அதுதான்.

கருவிகளைப் பற்றிப் பேசும்போது நம் ஊர்க்காரர் ஒருவரைச் சொல்லாமல் இருக்க முடியாது. இயற்கை எழுத்தாளரும் படக்காரருமான மா. கிருஷ்ணன் 1912-ல் திருநெல்வேலியில் பிறந்தவர். 'பத்மாவதி சரித்திரம்' எழுதிய அ. மாதவையாவின் மகன். காட்டு யானைகளைக் கறுப்பு வெள்ளையில் அவர் எடுத்த படங்கள் இன்றும் பேசப்படுகின்றன. வெவ்வேறு கேமராக்களின் பாகங்களைத் தன் தேவைக்கேற்ப ஒட்டிச் சேர்த்து ஒரு கருவியை அமைத்துக்கொண்டு, அதற்கு 'சூப்பர் பாண்டரோசா' என்று வேடிக்கையாகப் பெயரும் வைத்திருந்தார். கடையில் இருப்பதற்கேற்பத் தன் தேவையை மாற்றிக்கொள்ளாமல், தேவைக்கேற்பக் கருவியை மாற்றிக்கொண்டவர். 1996-ல் மறைந்தார். கேமரா வாங்கக் கடைக்குப் போகிற எவருக்கும் அவரை நினைத்துக்கொண்டு போவது நல்லது.

கூந்தன்குளம் பற்றியும் கொஞ்சம். திருநெல்வேலியிலிருந்து சுமார் 35 கிலோமீட்டர். 1994-ல் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்ட ஊர். கூழைக்கடாவும் மஞ்சள்மூக்கு நாரையும் குளத்து மரங்களில் மட்டுமல்ல, ஊருக்குள் வீட்டுக் கொல்லை மரங்களிலும் கூடு கட்டும். எச்சமும் நாற்றமும் இருந்தாலும் ஊர்க்காரர்கள் அவற்றை விரட்டுவதில்லை. வீட்டுக்கு வந்த விருந்தாளியாகவே பார்க்கிறார்கள். அங்கே கேமராவோடு போகிற நாம் அந்த மரியாதையைக் கெடுக்கக் கூடாது. கூட்டுக்குக் கிட்டப் போய் எடுப்பது, பறக்கும் படம் வேண்டுமென்று கல்லை விட்டெறிவது, கைபேசியில் பறவைக் குரலைப் போட்டு ஏமாற்றிக் கூப்பிடுவது – இவையெல்லாம் வேண்டவே வேண்டாம். தாய்ப்பறவை பத்து நிமிடம் எழுந்து போனால் குஞ்சு வெயிலில் வாடிவிடும். காக்கை முட்டையைக் கொத்திவிடும். ஜூம் பெரிதாக இருப்பதன் நியாயமே நாம் தள்ளி நிற்கலாம் என்பதுதான். பறவை நம்மைத் திரும்பிப் பார்க்க ஆரம்பித்தால் அதற்கு மேல் ஓரடி எடுத்துவைக்கக் கூடாது என்பது நான் வைத்திருக்கிற கணக்கு.

பராமரிப்பு ஒன்றை மட்டும் சொல்லிவிடுகிறேன். ஐப்பசி, கார்த்திகை ஈரத்தில் லென்ஸுக்குள் பூஞ்சை பிடிக்கும். தோல் பைக்குள் மூடி பீரோவில் வைப்பதுதான் அதற்கு நாம் செய்து கொடுக்கிற வீடு. இறுக்கமாக மூடுகிற பிளாஸ்டிக் டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு வையுங்கள். அரிசிக்குள் புதைக்கிற வேலை வேண்டாம், தூசிதான் ஏறும். வாரம் ஒரு முறையாவது எடுத்துப் பயன்படுத்துவதைவிடப் பெரிய மருந்து கிடையாது.

புகைப்படப் புத்தகங்களில், பறவையை நடுவில் வைக்காதே, ஓரமாக வை, அழகு அதில்தான் என்று எழுதியிருக்கும். நான் எல்லாப் படத்திலும் நடுவில்தான் வைக்கிறேன். பின்னால் தண்ணீரோ வானமோ மட்டும் இருக்கும்படி நாலடி இடம் மாறி நிற்கிறேன். இலையும் கிளையும் சேர்ந்து குழம்பியிருந்தால் அவளுக்குப் பறவை பிரிந்து தெரிவதில்லை. புகைப்படக் கலை தெரிந்த ஒரு தம்பி என் படங்களைப் பார்த்துவிட்டு, "அங்கிள், எல்லாம் பாஸ்போர்ட் போட்டோ மாதிரி இருக்கு" என்றான். சரியாகத்தான் சொன்னான். அடையாளம் தெரிய வேண்டும் என்பதற்குத்தானே பாஸ்போர்ட் போட்டோ.

மாலையில் விளக்கு வைத்தபிறகு டி.வி.யில் போடுவேன். அவள் ஒவ்வொன்றாகப் பேர் சொல்லிக்கொண்டே வருவாள். எனக்குத் தெரியாததையும் சொல்வாள். "இது பெட்ட. ஆணுக்கு நெஞ்சுல கறுப்பு இருக்கும், நாளைக்கு அதையும் பாத்துட்டு வாங்க" என்று வேலையும் கொடுப்பாள். அந்தக் கணக்கை ஒரு நோட்டில் எழுதி வைக்கிறோம். ஜனவரியில் பொங்கலையொட்டிப் பறவைகள் கணக்கெடுப்பு நடக்கும்போது எங்கள் பட்டியலையும் சேர்த்து அனுப்புகிறோம். சந்தேகம் வந்தால் காட்ட, நடுவில் வைத்து எடுத்த படம் இருக்கிறது.

ஆறு மாதத்துக்கு ஒரு முறை அவளுடைய பார்வை வட்டத்தை அளக்கிறார்கள். இந்த முறை போன தடவையைவிடக் கொஞ்சம் குறைந்திருந்தது. டாக்டர் சொட்டு மருந்தை மாற்றிக் கொடுத்தார். வீட்டுக்கு வந்து நாற்காலியை இன்னும் ஓரடி பின்னால் தள்ளிப் போட்டோம். பழையபடி முழுப் பறவையும் தெரிகிறது.

இந்தப் பருவத்துக்கு அவள் கேட்டிருப்பது வரித்தலை வாத்து. மங்கோலியா, திபெத் பக்கமிருந்து இமயமலையைத் தாண்டிக் கூந்தன்குளம்வரை வருகிற பறவை. தலையில் இரண்டு கறுப்புக் கோடு இருக்கும். "அந்த ரெண்டு கோடும் தெரியணும்" என்று சொல்லியிருக்கிறாள். போன வாரம் போனபோது கூட்டம் நட்டநடுக் குளத்தில் இருந்தது. அதற்குள் கானலும் வந்துவிட்டது. வருகிற புதன்கிழமை இன்னும் அரை மணி நேரம் முன்னதாகவே புறப்பட வேண்டும். மூலைக்கரைப்பட்டி வழியாகப் போகிறேன். காரில் இரண்டு பேருக்கு இடம் இருக்கிறது. பைனாகுலரும் தொப்பியும் குடிக்கத் தண்ணீரும் எடுத்துக்கொண்டு வருகிறவர்கள் வரலாம். கேமரா இல்லாவிட்டாலும் பரவாயில்லை.